பினாங்குக்குச் சேர்த்த மைல்கள்

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆட்கள் வந்தார்கள். அவர்கள் மொட்டை மாடியில் இருந்த நேரத்தில் மின்னஞ்சல் பார்த்தேன். விமான நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவிப்பு. என் கணக்கில் ஒன்றரை வருடமாக எந்த நடமாட்டமும் இல்லையாம். மார்ச் முடிவதற்குள் ஏதாவது நடக்காவிட்டால், பறந்த தூரத்துக்காகச் சேர்ந்திருக்கும் இலவச மைல்கள் அத்தனையும் காலாவதியாகிவிடுமாம்.

மெல்போர்னில் இருக்கும் மகள் இந்துமதியின் இரண்டு பிரசவத்துக்கும், பிறகு அவள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியதற்கும் போய் வந்ததில் சேர்ந்த மைல்கள் அவை. மனைவி சவுந்தரத்தின் கணக்கில் இருந்ததையும் குடும்பக் கணக்கு என்று என்னுடையதோடு இணைத்து வைத்திருக்கிறேன். கம்பெனிச் செலவில் வாரா வாரம் பறக்கிறவனுக்கு மைல் தானாகக் குவியும். எங்களைப் போல எப்போதோ ஒருமுறை பறக்கிறவர்கள்தான் அதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

சாப்பிடும்போது சவுந்தரத்திடம் சொன்னேன். அதை வைத்துப் பினாங்குக்குப் போக முடியுமா என்று மட்டும் கேட்டாள். முடியும், ஆனால் சாதாரண இருக்கையில்தான், இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம், உன் முழங்காலுக்கு அதுதான் நல்லது என்றேன். நாலு மணி நேரத்துக்கு எதற்குப் படுக்க வேண்டும் என்றாள். அவளுக்கு இதெல்லாம் புரியாது.

பினாங்கில் அவள் அண்ணன் கோதண்டம் இருக்கிறார்.

ஜனவரி 12

மைலை உயிரோடு வைத்திருக்கப் பறந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு நாட்களாக எல்லா விதிமுறைகளையும் படித்துவிட்டேன். நிறுவனத்தின் இணையக் கடையில் ஒரு பேனா வாங்கினால்கூடப் போதும். ஆனால் அந்தக் கடை இந்தியாவுக்கு அனுப்புவதில்லை. கடன் அட்டைப் புள்ளிகளை மைலாக மாற்றலாம்; அந்த அட்டையைப் போன வருடம்தான் மூடினேன். கொஞ்சம் மைலைத் தர்மத்துக்குக் கொடுத்தால் மிச்சம் பிழைக்கும். சேர்த்ததைக் குறைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவர்களோடு கூட்டு வைத்திருக்கும் ஓட்டலில் ஒருநாள் தங்கினால் கணக்கும் பிழைக்கும், மைலும் கூடும். அப்படிப்பட்ட ஓட்டல் நம் திருச்சியிலேயே ஒன்று இருக்கிறது.

தொழிற்சாலையில் கொதிகலன் சோதனைப் பிரிவில் இருந்தபோது, மற்றவர்கள் கவனிக்காத ஒரு விரிசலைக் கண்டுபிடித்தால் வரும் சந்தோஷம் இன்று வந்தது.

ஜனவரி 21, ஞாயிறு

வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கோதண்டம் வீடியோவில் வந்தார். வழக்கம்போல நான் பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

பதினெட்டு வயதில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் ஒரு மளிகைக் கடைக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே கல்யாணம், அங்கேயே குடியுரிமை. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் தினகரனுக்குத் தெற்கே ஜோகூரில் வேலை. கோதண்டத்துக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சவுந்தரத்துக்குத் தகப்பன் மாதிரி. அவளைப் படிக்க வைத்ததே அவர் அனுப்பிய பணம்தான் என்பாள்.

"மாப்பிள்ளை இல்லையா?" என்று அவர் கேட்பது பால்கனிவரை கேட்டது. வெளியே போயிருக்கிறார் என்று சவுந்தரம் சொன்னாள்.

எனக்கு அவர்மேல் ஒன்றுமில்லை. இந்துவின் கல்யாணத்துக்குத் தாய்மாமனாக வந்தவர், சம்பந்தி வீட்டார் எல்லோரும் இருக்கும் பந்தியில், "எங்க மாப்பிள்ளை கணக்குப் பாக்காம காபிகூடக் குடிக்கமாட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். பந்தியே சிரித்தது. சம்பந்தி அதைச் சொல்லிச் சொல்லி மறுநாள்வரை சிரித்தார். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, சனி

இந்தக் குறிப்பை ஓட்டல் அறையிலிருந்து எழுதுகிறேன். வரவேற்பில் இருந்த பெண் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். இங்கேதான், கே.கே. நகர் என்றேன். உள்ளூர்க்காரருக்கு எதற்கு அறை என்பதுபோல நின்றாள்.

காலை உணவு அறை வாடகையிலேயே அடக்கம் என்று சொல்லியும் கேட்காமல் சவுந்தரம் தயிர்சாதமும் மாவடுவும் கட்டி எடுத்து வந்திருந்தாள். ஆறாவது மாடி. வந்ததிலிருந்து ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறாள். தூரத்தில் தெரியும் தண்ணீர்த் தொட்டி நம் பேட்டைத் தொட்டிதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"வீட்டைப் பூட்டிட்டு வந்து, நம்ம வீட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பூட்டிவிட்டுக் கிளம்பியதுதான் கிளம்பினோம், இன்னும் கொஞ்சம் தூரம் போயிருக்கலாம் என்றாள். எல்லாம் அதற்குத்தான் என்று பொறுமையாக விளக்கினேன்.

பிப்ரவரி 12

ஓட்டல் மைல் இன்னும் கணக்கில் ஏறவில்லை. சேவை மையத்துக்கு மூன்றாவது முறை எழுதியிருக்கிறேன். ரசீதில் என் பெயர் தணிகாச்சலம் என்று ஒரு 'ச்' அதிகமாக விழுந்திருக்கிறது. அதுதான் வினை.

பிப்ரவரி 20

ஏறிவிட்டது. இன்னும் ஒன்றரை வருடத்துக்குக் கவலையில்லை. அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தேன்.

அப்படியென்றால் போகலாமா என்றாள் சவுந்தரம். ஜூனில் போகலாம், நல்ல இருக்கைகளை அப்போதுதான் திறப்பார்கள் என்றேன். அவள் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல் உடனே அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஜூன், ஜூன் என்று அடுத்த அறையிலிருந்து நாலைந்து தடவை கேட்டது.

மார்ச் 6

ஏப்ரல் இரண்டாவது வாரத்துக்கு மைலில் இரண்டு இருக்கைகள் காட்டுகிறது. சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு. சாதாரண இருக்கைகள்தான். சவுந்தரத்திடம் சொல்லவில்லை. நல்லதாகக் கிடைக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 9

அந்த இரண்டும் இன்னும் இருக்கின்றன.

மார்ச் 13

போய்விட்டன. நல்லதுதான், வெயில் காலத்தில் யார் அலைவது. மின்கட்டணம் கட்டினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. வடை பாயசத்தோடு சமையல். மெல்போர்னிலிருந்து இந்து பேசினாள். பேரன்கள் தமிழில் வாழ்த்துச் சொன்னார்கள். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாக வரச் சொன்னாள்.

அம்மா அழுதாளாம். மாமாவுக்கு டயாலிசிஸுக்குப் பிறகு மயக்கம் வருகிறதாம், முகம் வீங்கியிருக்கிறதாம். பேசாமல் டிக்கெட் போட்டுப் போங்கள், நான் போட்டுத் தருகிறேன் என்றாள். மைல் இருக்கும்போது நீ எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்றேன்.

"அப்பா, மூணு தடவை போகவர கோலாலம்பூர்ல இறங்கி ஏறினீங்க. ஒவ்வொரு தடவையும் அம்மா அந்த ஏர்போர்ட்ல உக்காந்து மாமாகிட்ட போன்ல பேசினாங்க. அங்கேருந்து ஒரு மணி நேரம். ஒரு தடவைகூட நீங்க போகலாம்னு சொல்லல."

டிக்கெட்டின் விதிகள் அப்படி, இடையில் இறங்கித் தங்க முடியாது என்றேன். தங்கலாம் அப்பா, நானே விசாரித்தேன், ஒரு ரூபாய் அதிகம் கிடையாது என்றாள். குழந்தை கூப்பிடுகிறான் என்று வைத்துவிட்டாள்.

விதிகள் அவ்வப்போது மாறும். நாங்கள் போன வருடங்களில் எப்படி இருந்தது என்று இப்போது யாரும் சொல்ல முடியாது.

மே 3

சிலிண்டர் வந்தது. சவுந்தரம் பாஸ்போர்ட்டுகளை எடுத்துத் தேதி பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். நான் கேட்கவில்லை.

மே 20, திங்கள்

பத்து மணிக்குத் தினகரன் கூப்பிட்டான். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, இதயமும் பலவீனமாக இருப்பதால் அறுவைச் சிகிச்சைக்கு டாக்டர்கள் யோசிக்கிறார்கள் என்றான். அத்தையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

சவுந்தரம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தேன். இந்த வாரம் மைலில் ஒரு இருக்கையும் இல்லை. அடுத்த வாரமும் இரண்டு சேர்ந்தாற்போல இல்லை. ஒவ்வொரு தேதியாகத் தட்டிக் காட்டினேன். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் எழுந்து உள்ளே போனாள். இந்துவோடு பேசும் சத்தம் கேட்டது.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நாளைக் காலை திருச்சியிலிருந்தே நேராகக் கோலாலம்பூர் போகும் மலிவு விமானத்தில் ஒரு டிக்கெட். மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டாமாம். வருகைப் படிவத்தையும் இந்துவே நிரப்பிவிட்டாள். அங்கே தினகரன் காரோடு வந்து நிற்பான்.

எத்தனை டிக்கெட் என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும்தாங்க போடச் சொன்னேன். உங்களுக்கு அந்த சீட்டெல்லாம் சரிப்படாது."

மே 21, செவ்வாய்

விமான நிலையத்துக்கு ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அவள் முழங்காலில் கை வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

இதுவரை அவள் தனியாக விமானம் ஏறியதில்லை. இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் என் பையில்தான் இருக்கும். அவள் என் பின்னால் வருவாள். இன்று தன் பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்து இரண்டு முறை திறந்து பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமைவரை பொறு, எப்படியாவது இரண்டு பேருக்கும் பார்க்கிறேன் என்று கடைசியாக ஒருமுறை சொன்னேன்.

"நீங்க சீட்டு கிடைச்சதும் வாங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மோரை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன் என்று சொல்வாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள். காவலரிடம் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கண்ணாடி வழியாகத் தெரிந்தவரை பார்த்தேன். யாரிடமோ வழி கேட்டாள். அந்தப் பெண் கை காட்டிய பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து போனாள்.

மே 22

சேர்ந்துவிட்டாள். நான் ரசம் வைத்தேன். புளி அதிகம்.

மே 23, வியாழன்

மதியம் சவுந்தரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். அண்ணன் நினைவோடுதான் இருக்கிறார், உங்களோடு பேச வேண்டும் என்கிறார் என்றாள். பால்கனிக்குப் போக நேரமில்லை. போனை அவர் காதில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. மூச்சுச் சத்தம் கேட்டது. பந்தி முழுக்கக் கேட்ட அந்தப் பெரிய குரல் இல்லை. பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"மாப்பிள்ளை, சவுந்தரத்த உடனே அனுப்பி வச்சீங்க. பெரிய மனசு உங்களுக்கு."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீங்களும் வந்திருந்தா நல்லாருந்திருக்கும். நான் எப்பவாச்சும் தப்பா ஏதும் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். என்ன பேசினேன்னும் நினைவிருக்காது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். சீட்டு கிடைக்கல, அவ்வளவுதான்."

"கிடைச்சிடும், கிடைச்சிடும். கவலைப்படாதீங்க" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

வைத்த பிறகு வெகுநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவரை மச்சான் என்று கூப்பிட்டு எத்தனையோ வருடமாகிறது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சாயங்காலம் இந்து பேசினாள். நாளைக் காலைத் திருச்சி விமானத்தில் இடம் இருக்கிறதாம், போடட்டுமா என்றாள். அதற்குள் நானே பார்த்துவிட்டிருந்தேன்: முப்பதாம் தேதி சென்னையிலிருந்து மைலில் ஒரே ஒரு இருக்கை, படுத்துக்கொண்டு போகிற வகுப்பு. அதைப் பதிவு செய்துவிட்டேன் என்றேன். அப்பா, இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்றாள். இத்தனை மாதம் பாடுபட்டுக் காப்பாற்றிய மைல், கண்ணெதிரே இருக்கும்போது விட்டுவிடுவதா. தினகரனும் அப்பா தேறி வருகிறார் என்றுதான் சொல்கிறான்.

மே 26

சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கினேன். மச்சானுக்குப் பிடிக்கும் என்று சவுந்தரம் முன்பு சொல்லியிருக்கிறாள்; மணப்பாறை முறுக்கு இரண்டு பாக்கெட் வாங்கி வைத்தேன். அவரிடம் என்னவெல்லாம் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில் உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டும். பிறகு மற்றதெல்லாம் தானாக வரும்.

மே 28, செவ்வாய்

காலை ஏழரைக்கு மச்சான் போய்விட்டார்.

தகனம் இன்று மாலையே. இங்கிருந்து எந்த விமானம் பிடித்தாலும் சேர முடியாது. எல்லா விமானங்களையும் பார்த்துவிட்டேன்.

சவுந்தரத்தோடு பேச முடியவில்லை. தினகரன்தான் பேசினான். அத்தை பக்கத்திலேயே இருந்தார்கள், அவர்கள் கையால்தான் கடைசியாகத் தண்ணீர் குடித்தார் என்றான். பேசும்போது அவன் அழவில்லை.

மே 30, வியாழன்

நேற்றே சென்னைக்கு ரயிலில் வந்து விடுதியில் தங்கி, காலை விமானம் ஏறினேன். முதலில் உள்ளே அழைத்தார்கள். சூடான ஈரத் துண்டு கொடுத்தார்கள். விமானம் மேலே ஏறியதும் பணிப்பெண் வந்து இருக்கையைப் படுக்கையாக்கிக் கொடுத்து, விடுமுறைக்குப் போகிறீர்களா சார் என்று தமிழில் கேட்டாள். மதுரைப் பெண். துக்கத்துக்குப் போகிறேன் என்றேன். அவள் முகம் மாறியது. இன்னொரு தலையணை கொண்டுவந்து வைத்தாள். நான் படுக்கவில்லை. அவள் போனதும் பொத்தானைத் தேடி அழுத்தி இருக்கையை நிமிர்த்திக்கொண்டேன்.

கோலாலம்பூரில் இறங்கி, பினாங்கு விமானத்தின் வாசலைத் தேடி நடந்தேன். இந்த விமான நிலையத்தில் அந்தப் பக்கமாக நான் போனதே இல்லை. அறிவிப்புப் பலகையில் பினாங்குக்கு வரிசையாக விமானங்கள். உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொள்வதற்குள் ஏறச் சொல்லிவிட்டார்கள். இறங்குவதற்கு ஆயத்தமாகச் சொன்னபோது, தண்ணீர்க் குவளையை நான் இன்னும் முடித்திருக்கவில்லை.

மே 31

பட்டர்வொர்த் வீடு. சின்னது, சுத்தமானது. மாலை போட்ட படத்தில் மச்சான் சிரிக்கிறார். சவுந்தரம் வாசலுக்கு வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. இளைத்திருக்கிறாள்.

கீழ் அறையில் எனக்குப் படுக்கை. புதுக் கட்டில், மெத்தையின் மேல் பாலிதீன் உறைகூட ஒரு பக்கம் பிரிக்காமல் இருந்தது. தினகரன்தான் உறையை உருவியபடியே சொன்னான்.

"ஜூன்ல நீங்க ரெண்டு பேரும் வரீங்கன்னு அப்பா வாங்கினாரு மாமா. அத்தைக்கு மாடி ஏற முடியாதுன்னு. அவரு ஹால்லதான் படுத்துக்கிட்டாரு. இதுல நீங்க படுங்கப்பான்னு நான் சண்டை போட்டேன். மாப்பிள்ளை வந்து படுக்கட்டும்னாரு."

சவுந்தரம் ஹாலில் மற்றப் பெண்களோடு படுத்துக்கொண்டாள்.

ஜூன் 2, ஞாயிறு

வருகிறவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருக்கிறது. திருச்சி மாப்பிள்ளையா, கொதிகலன் எஞ்சினியர்தானே, மகள் ஆஸ்திரேலியாவில்தானே என்கிறார்கள். கடைசிநேரத்தில் வர முடியாமல் போய்விட்டதே என்று என்னை அவர்கள்தான் தேற்றுகிறார்கள். சீட்டு கிடைக்கவில்லையாமே, சவுந்தரம் சொன்னாள் என்கிறார்கள்.

மதியம் பாத்திரம் கழுவும் இடத்தில் சவுந்தரம் தனியாக இருந்தாள். நானும் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். ஏப்ரலில் இரண்டு சீட்டு இருந்தது என்று சொல்லத்தான் போனேன். அதற்கு முன்பே அவள் பேசினாள்.

"உங்களுக்கு அண்ணன்மேல வருத்தம்னு எனக்குத் தெரியுங்க. என்னிக்காவது வாய் விட்டுச் சொல்லுவீங்க, சொன்னா ரெண்டு பேரையும் ஒக்கார வச்சுச் சமாதானம் பண்ணிடலாம்னு இருந்தேன். நீங்க கம்ப்யூட்டரத்தான் தட்டிக்கிட்டு இருந்தீங்க."

துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி அடுக்கினாள்.

ஜூன் 4

என் திரும்பும் டிக்கெட் ஆறாம் தேதிக்கு. காரியம் முடியும்வரை சவுந்தரம் இருக்கப்போகிறாள். இணையத்தில் போய் என் டிக்கெட்டை ரத்து செய்தேன். இந்த வகை டிக்கெட்டுக்கு மைல் திரும்பி வராது என்று எச்சரித்தது. நிச்சயமா என்று இரண்டு முறை கேட்டது. பிறகு இந்துவைக் கூப்பிட்டு, அம்மா எந்த விமானத்தில் வருகிறாளோ அதிலேயே எனக்கும் ஒரு இடம் போடம்மா என்றேன். எந்த சீட்டுப்பா என்று கேட்டாள். அம்மா பக்கத்தில் எது இருந்தாலும் சரி என்றேன்.

ஜூன் 5, புதன்

காலையில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா என்று சவுந்தரம் கேட்டாள். இங்கே வந்த பிறகு அவளாக என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை.

தெருமுனையில் ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடை. மச்சான் தினமும் காலையில் அங்கேதான் தே குடிப்பாராம். தேநீரை இங்கே தே என்றுதான் சொல்கிறார்கள். ஓரத்து மேசையில் எங்களை உட்கார வைத்துவிட்டுக் கடைக்காரர் தானே இரண்டு குவளை கொண்டுவந்து வைத்தார். என்னை விட வயதானவர். அவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நீங்கள்தான் கோதண்டத்தின் மாப்பிள்ளையா என்று கேட்டார். போன மாதம்கூட என் தங்கை வருகிறாள், மாப்பிள்ளை வருகிறார், இருவரையும் இந்தக் கடைக்குக் கூட்டி வருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். தீவுக்குப் படகில் கூட்டிப்போக வேண்டும் என்று படகு நேரமெல்லாம் விசாரித்து வைத்திருந்தாராம்.

அவர் துண்டால் மேசையின் விளிம்பைத் துடைத்தபடி, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார்.

குற்றமாகச் சொல்லவில்லை. ஆதங்கத்தில் சொன்னார். சவுந்தரம் நிமிர்ந்தாள். சீட்டு கிடைக்கவில்லை என்று எனக்காகச் சொல்ல அவள் வாயெடுத்தது தெரிந்தது.

"வந்திருக்கலாம்" என்றேன். "நான்தான் வரல."

கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். யாரோ கூப்பிட எழுந்து போனார். நாங்கள் தேயைக் குடித்தோம். எனக்கு இனிப்பு அதிகமாக இருந்தது; முழுவதையும் குடித்தேன்.

வெளியே வந்ததும் நான் வந்த வழியே திரும்பினேன். சவுந்தரம் நின்றாள்.

"இப்படிப் போவோம்" என்று எதிர்ப் பக்கத்தைக் காட்டினாள். "சுத்துதான். அண்ணன் இந்த வழியாத்தான் வீட்டுக்குப் போவாராம்."

அவள் முழங்காலுக்குத் தகுந்தபடி மெதுவாக, அந்த வழியாகவே போனோம்.